மேப் காதில் பேசட்டும், போன் பாக்கெட்டில் இருக்கட்டும்: ஊட்டி ரோட்டுக்கு ஹெல்மெட் ப்ளூடூத்

கல்லாறு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஹேண்டில்பாரில் மாட்டிய போன் தொல்லைதான். தூறல் விழுந்தால் திரை தானாகவே எதையாவது அமுக்கிக்கொள்ளும், கிளவுஸ் போட்ட விரலுக்கு அசையாது. பெரிய இன்ஜின் பைக்குகளின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்திருக்கிறது. அதனால் போன் ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டுக்குள் போகட்டும், வழிகாட்டும் அம்புக்குறி வண்டியின் டிஸ்ப்ளேவில் வரட்டும் (என்ஃபீல்டின் ட்ரிப்பர், டிவிஎஸ்ஸின் ஸ்மார்ட்கனெக்ட் மாதிரி), குரல் ஹெல்மெட்டில் மாட்டுகிற ப்ளூடூத் செட்டில் (ஸ்பீக்கர், மைக், பட்டன் யூனிட்) கேட்கட்டும். ஒரே போன் இரண்டு பொருளோடு ஒரே நேரத்தில் பேச வேண்டும், சிக்கல் எல்லாம் அங்கேதான்.

முதலில் ஸ்பீக்கர். கன்னத்துப் பேடைக் கழற்றினால் பல ஹெல்மெட்களில் காதுக்கு நேராக ஒரு குழி இருக்கும், ஸ்பீக்கரை வெல்க்ரோவால் அதில் ஒட்டுங்கள். குழி இல்லை என்று கத்தியால் தெர்மோகோலைக் குடைய வேண்டாம், விழுந்தால் அடியை வாங்கிக்கொள்வதே அதுதான். ஒட்டியதும் ஒரு பாட்டைப் போட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அதை மெல்ல மேலும் கீழும் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். எந்தப் பக்கம் நகர்த்தும்போது சத்தம் கூடுகிறதோ அந்தப் பக்கம் ஸ்பீக்கர் நகர வேண்டும். அரை அங்குலம் தள்ளியிருந்தாலே குரல் காற்றில் கரைந்துவிடும், "ஸ்பீக்கர் வேஸ்ட்" என்று திட்டுகிறவர்கள் பாதிப் பேருக்குக் கோளாறு இந்த இடத்தில்தான் இருக்கும். காது மடலை அழுத்தவும் கூடாது, கடையில் மாட்டிப் பார்க்கும்போது தெரியாத வலி குன்னூர் வருவதற்குள் தெரிந்துவிடும். பட்டன் யூனிட்டை இடது பக்கம் மாட்டுங்கள், வலது கை ஆக்சிலரேட்டரை விட முடியாது. மைக், முழு முக ஹெல்மெட் என்றால் தாடைப் பக்கம் ஒட்டுகிற சின்ன மைக், திறந்த ஹெல்மெட் என்றால் பஞ்சு போட்ட நீள மைக்.

அப்புறம் இணைப்பு. ஹெல்மெட்டை முதலில் இணைப்பது நல்லது: பட்டனை விளக்கு சிவப்பும் நீலமுமாக மாறி மாறி மின்னும் வரை அழுத்திப் பிடித்து, போனின் ப்ளூடூத் பட்டியலில் தேர்ந்தெடுங்கள். டிஸ்ப்ளேவை அந்தக் கம்பெனியின் ஆப் வழியாக, அது சொல்கிற வரிசையிலேயே இணைக்க வேண்டும். முடிந்ததும் ப்ளூடூத் பட்டியலில் டிஸ்ப்ளேவின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள செட்டிங்கைத் திறந்து பாருங்கள். அதில் மீடியா ஆடியோ என்று ஒரு ஸ்விட்ச் இருந்து, அது ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் போன் குரலை டிஸ்ப்ளேவுக்கு அனுப்பிவிடும், அதில் ஸ்பீக்கரே இருக்காது, நீங்கள் ஹெல்மெட் கெட்டுப்போச்சு என்று கடைக்குப் போவீர்கள். போன் கால்களுக்கான ஸ்விட்சை அப்படியே ஆனில் விட்டுவிடுங்கள், கூப்பிடுகிறவர் பெயரைக் காட்ட சில டிஸ்ப்ளேக்களுக்கு அது வேண்டும்.

டிஸ்ப்ளேவுக்கு அம்பு அனுப்புகிற ஆப்பும் தனியாகக் கூகுள் மேப்பும் சேர்ந்து ஓடினால் இரண்டு குரல் முட்டிக்கொள்ளும், ஒன்றை ஊமையாக்குங்கள். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்புக்கு பேட்டரி சிக்கனத்தை எடுத்துவிடுங்கள், திரை அணைந்ததும் அம்பு உறைந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான். மேப் செட்டிங்கில் குரலை ப்ளூடூத்தில் ஒலிக்கச் செய்யும் ஆப்ஷனையும் பாருங்கள். இன்னொரு தொந்தரவு: சத்தமில்லாமல் இருக்கும்போது ஹெல்மெட் யூனிட் தூங்கிவிடும், குரல் வந்ததும் விழிப்பதற்குள் முதல் சொல் போய்விடும். "இடதுபுறம் திரும்பவும்" என்பதில் உங்களுக்குக் கிடைப்பது வெறும் "புறம் திரும்பவும்". டிஸ்ப்ளேவில் அம்பு இருப்பது அந்த நேரத்துக்குத்தான்.

சிக்னல் இல்லாத வளைவுகள் நிறைய, ஆகவே கீழேயே ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேப் சொல்வதெல்லாம் மலைக்குச் சரி வராது. சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழியாக மாற்றிவிடுவார்கள், மேப் பாட்டுக்குத் திரும்பக் குன்னூருக்கே அனுப்பும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கேட்டால் குறுக்கு வழியென்று 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டியைக் காட்டும், வெளியூர் வண்டி அதில் இறங்கக் கட்டுப்பாடு உண்டு. கோத்தகிரி, கூடலூர் என்று நடுவில் ஒரு நிறுத்தத்தைச் சேர்த்துவிட்டால் குரல் வாயை மூடிக்கொண்டு சரியான வழியைச் சொல்லும்.

சத்தத்தை எவ்வளவு வைப்பது? இன்ஜின் ஓடும்போது வார்த்தை புரிந்தால் போதும், அதற்கு மேல் ஒரு புள்ளிகூட வேண்டாம். பனிமூட்டத்தில், வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் வருவது ஹார்னில்தான் தெரியும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது விதி, வருவதே கேட்காவிட்டால் எங்கே வழிவிடுவது? மலை ரோட்டில் பாட்டு வேண்டாம் என்பது என் கட்சி. மேப்பும் சந்திப்புகளில் மட்டும்தானே பேசப் போகிறது.

மழை பிடித்தால் சார்ஜ் போர்ட்டின் ரப்பர் மூடியை அழுத்தி மூடுங்கள். ராத்திரி ரூமில் ஈர ஹெல்மெட்டை ஹீட்டர் பக்கத்தில் காயவைக்காதீர்கள், வெல்க்ரோ பசை விட்டு காலையில் ஸ்பீக்கர் கையோடு வந்துவிடும்.