விடுதியின் பின்வாசல் சாவி யாரிடம் இருக்கிறது?

திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் பதினோரு வருடமாக வார்டனாக இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், தீயணைப்பு சிலிண்டர் எத்தனை வாங்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் உங்கள் கட்டடத்தில் எத்தனை பூட்டு தொங்குகிறது, ஒவ்வொன்றின் சாவியும் யார் இடுப்பில் இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள்.

நான் முன்பு வேலை பார்த்த விடுதியில் ஒருநாள் அதிகாலை நாலரை மணி. பரீட்சை நேரம். இரண்டாவது மாடியில் ஒரு பெண் குளிக்கத் தண்ணீர் காய வைக்க வாளிக்குள் ஹீட்டரைப் போட்டுவிட்டு அப்படியே தூங்கிவிட்டாள். தண்ணீர் வற்றி, பிளாஸ்டிக் வாளி உருகி, பக்கத்தில் இருந்த மெத்தை பற்றிக்கொண்டது. நெருப்பு சின்னதுதான். ஆனால் அந்த அறை முன்படிக்கட்டை ஒட்டி இருந்ததால் அங்கே புகை அடைத்துவிட்டது. எல்லோரும் பின்படிக்கட்டுக்கு ஓடினார்கள். கீழே மடக்குக் கதவில் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் மெயின் கேட்டில். அவர் ஓடி வந்து திறப்பதற்குள் ஆறு நிமிடம் ஆகிவிட்டது. கம்பிகளுக்கு இடையில் நீட்டியிருந்த அந்த விரல்களை நான் மறக்கவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பது கடவுள் புண்ணியம்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். கட்டடத்தில் பிள்ளைகளை வைத்திருக்கும் யாரும் அந்தத் தேதியை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே, வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். நல்ல தாழ்ப்பாள் போதும். ‘பெண் பிள்ளைகள் விடுதியாயிற்றே’ என்று நிர்வாகம் தயங்கும். கதவைத் திறந்தால் அலறுகிற பேட்டரி அலாரம் ஒன்றைப் பொருத்தித் தரச் சொல்லுங்கள். யாரும் சத்தமில்லாமல் போக முடியாது. அதுவரை இன்னொரு சாவியைக் கதவுக்குப் பக்கத்திலேயே, கைக்கு எட்டும் உயரத்தில் கண்ணாடிப் பெட்டியில் மாட்டுங்கள்.

அடுத்து மணி. தீ என்றால் முதலில் மெயின் சுவிட்சை அணைப்போம். கரண்ட் மணி அதோடு ஊமையாகிவிடும். எங்கள் வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. விடாமல் அடித்தால் மூன்று மாடிக்கும் கேட்கும்.

ஒத்திகையைப் பகல் பதினொரு மணிக்கு வைக்காதீர்கள். இரவு பத்தரைக்கு வையுங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் எல்லோரும் இறங்க ஒன்பது நிமிடம் ஆனது. ஏன் என்று பார்த்தால், பாதிப் பேர் பீரோவைத் திறந்து சர்டிபிகேட் ஃபைலைத் தேடியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பல வீடுகளில் அந்த ஃபைல்தான் சொத்து. மதிப்பெண் பட்டியலை அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஏற்றிக்கொள்ள ஒரு மாலையை ஒதுக்கினோம். இப்போது நாலு நிமிடத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். லிஃப்ட் கூடாது. காலில் கட்டுப் போட்டிருக்கும் பெண்ணை யார் இருவர் கைத்தாங்கலாக இறக்குவது என்று முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

இறங்கியதும் அறை வாரியாக எண்ண வேண்டும். ஊருக்குப் போனவர்களின் பட்டியல் என் மேசையில் மட்டும் இருந்தால் பயனில்லை. தினமும் இரவு ஒரு நகல் மெயின் கேட்டுக்குப் போய்விடும்.

நடைபாதையில் லேசான புகை என்றால் குனிந்து, தரையோடு தவழ்ந்து வர வேண்டும். கீழேதான் மூச்சு விடக் காற்று இருக்கும். புகை அடர்த்தியாக இருந்தால் வெளியே வரவே கூடாது. கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத் துண்டை அடைத்து, ஜன்னலில் நின்று கத்த வேண்டும்.

இப்போது தீயணைப்பு சிலிண்டர். பதற்றத்தில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று: கைப்பிடியை இறுக்கி அழுத்திக்கொண்டே பின்னை இழுப்பார்கள். அது அசையவே அசையாது. பிடியைத் தளர்த்தி, பின்னை ஒரு திருகு திருகினால் பிளாஸ்டிக் சீல் அறுந்து கையோடு வந்துவிடும். பிறகு நெருப்பின் அடிப்பகுதியைப் பார்த்து இடமும் வலமுமாக அடிக்க வேண்டும். பவுடர் சில நொடிகளில் தீர்ந்துவிடும். அதற்குள் அணையாவிட்டால் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். ஆளுக்கு ஒரு முறையாவது பின்னைப் பிடுங்கிப் பழகட்டும்.

மெஸ்ஸில் கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906-ஐ அழைக்கலாம். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், நடக்க விடாமல் 108-ல் அரசு மருத்துவமனைக்கு. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற வழக்கம் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. தீக்கு 101, எதுவென்று தெரியாவிட்டால் 112.

தீயணைப்பு வண்டி எந்த கேட் வழியாக நுழைய முடியும் என்று வாட்ச்மேனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த கேட்டுக்கு முன்னால் ஸ்கூட்டி நிறுத்த நான் யாரையும் விடுவதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு பின்வாசல் தாழ்ப்பாளை நானே இழுத்துப் பார்ப்பேன். ஐப்பசி மழையில் துரு ஏறி இறுகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டால், முதலாமாண்டுப் பிள்ளை ஒற்றை விரலால் திறந்துவிடுவாள்.