செப்டிக் ஷாக்கில் வைட்டமின்: எதைத் தருவது, எதைத் தவிர்ப்பது

செப்டிக் ஷாக்குடன் (தொற்று முற்றி ரத்த அழுத்தம் சரியும் நிலை) வரும் நோயாளிக்கு வைட்டமினைப் பற்றி யோசிக்கும் முன், முதல் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக் கல்ச்சர் (கிருமியைக் கண்டறியும் பரிசோதனை) எடுத்து ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி. அளவில் திரவம் கொடுத்து, சராசரி ரத்த அழுத்தம் 65 mmHg-க்குக் கீழே இறங்காதபடி நார்அட்ரினலின் (ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து) தொடங்க வேண்டும். எந்த வைட்டமினும் இதற்கு மாற்றாகாது.

வைட்டமின் சி-யை வழக்கமாக எழுத வேண்டாம். 2017-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டாக்டர் பால் மாரிக், வைட்டமின் சி, தயமின் (வைட்டமின் பி1), ஹைட்ரோகார்ட்டிசோன் (ஒரு ஸ்டீராய்டு) மூன்றையும் சேர்த்துத் தந்த 47 பேரில் இறப்பு 8.5 சதவீதம் என்றும், அதற்கு முன் அவை இல்லாமல் சிகிச்சை பெற்ற 47 பேரில் 40.4 சதவீதம் என்றும் வெளியிட்டபோது உலகெங்கும் நம்பிக்கை எழுந்தது. ஆனால் அது குலுக்கல் முறையில் பிரிக்கப்படாத ஒப்பீடு. 872 பேரைக் கொண்டு நடந்து 2022-இல் வெளியான லோவிட் (LOVIT) என்ற குலுக்கல் முறை ஆய்வில், 28-ஆம் நாளில் இறந்தவர்களும் உறுப்புச் செயலிழப்பு நீடித்தவர்களும் சேர்ந்து வைட்டமின் சி பெற்றவர்களில் 44.5 சதவீதம், பெறாதவர்களில் 38.5 சதவீதம். தீங்கு செய்யக்கூடும் என்று ஆய்வு காட்டும் ஒரு மருந்தை, 'போட்டுத்தான் பார்ப்போமே' என்று ஏற்றுவது சரியல்ல.

வேறு மருத்துவமனையில் அதிக அளவு வைட்டமின் சி ஏற்றப்பட்டு வந்தவராக இருந்தால், குளுக்கோமீட்டரை நம்பாதீர்கள். பல ஸ்ட்ரிப்கள் வைட்டமின் சி-யையும் சர்க்கரையாகக் கணக்கிட்டு, உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவைக் கூட்டினால், மயக்க மருந்தில் கிடக்கும் நோயாளிக்குச் சர்க்கரை தாழ்வது வெளியே தெரியாமலே போய்விடும். சிரை ரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பியே சர்க்கரையைப் பாருங்கள். சிறுநீரகச் செயல்பாட்டையும் கவனியுங்கள். வைட்டமின் சி-யிலிருந்து உண்டாகும் ஆக்சலேட் உப்பு படிந்து சிறுநீரகம் கெடலாம்.

தயமின் நிலை வேறு. நீண்டகால மதுப்பழக்கம், பல நாள் வாந்தி, ஊட்டக்குறைவு, எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, ரத்த அழுத்தம் சீரான பிறகும் ரத்தத்தில் லாக்டேட் (திசுக்கள் ஆற்றலுக்குத் திணறும்போது சேரும் பொருள்) இறங்க மறுத்தாலோ, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் 200 மி.கி. தயமினைச் சலைனில் கலந்து அரை மணி நேரத்தில் ஏற்றி, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தொடரலாம். தயமின் இல்லாவிட்டால் குளுக்கோஸிலிருந்து வரும் பைருவேட் ஆற்றலாக மாறாமல் லாக்டேட்டாகத் தேங்கும். அதனால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தால் தயமினை அதற்கு முன்போ அதனுடனோ தர வேண்டும். ஆனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருந்தால், தயமினுக்காகக் குளுக்கோஸைத் தாமதப்படுத்தக் கூடாது. பட்டினி கிடந்தவருக்குக் குழாய்வழி உணவு தொடங்கும் நாள்களில் தயமினை நிறுத்தாமல், பாஸ்பேட், பொட்டாசியம் அளவுகளை நாள்தோறும் பாருங்கள்.