தூசியைப் பார்க்கவா, பந்தயத்தைப் பார்க்கவா?

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் நவம்பர் மாதங்களில் நடக்கும் பாஹா 1000 என்ற மோட்டார் வண்டிப் பந்தயத்தைப் பாலைவனத்தில் நின்று பார்க்க டிக்கெட் வேண்டாம். நூற்றுக்கணக்கான மைல்களுக்கு மண், கல், கள்ளிச்செடி. எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். அப்படித் தோன்றுவதால்தான் முதல்முறை போகிற பலர் அரை நாள் வெயிலில் காய்ந்து, நான்கு டிரக்குகளின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

பழைய வீடியோவில் பார்த்த மேட்டைத் தேடிப் போவது முதல் தவறு. 1967இல் இந்தப் பந்தயம் முதன்முறையாக நடந்தபோது டிஹுவானாவில் தொடங்கி லா பாஸில் முடிந்தது. இப்போது சில ஆண்டுகளில் என்செனாடாவில் தொடங்கி அங்கேயே சுற்றி வந்து முடிகிறது. சில ஆண்டுகளில் தெற்கே நீள்கிறது. ஒரே மண்பாதையில் ஒரு வருடம் போன திசைக்கு மறுவருடம் எதிர்த்திசையிலும் ஓட்டுவார்கள். கீழிறக்கத்தில் வண்டியைப் பறக்கவிட்ட அதே மேடு, எதிர்ப்பக்கமிருந்து வந்தால் வெறும் ஏற்றம். அந்த ஆண்டுக்கான வரைபடத்தை எடுத்து, பந்தய மைல் எண்ணை (தொடக்கத்திலிருந்து எத்தனையாவது மைல் என்பதை) குறித்துக்கொண்டு, நெடுஞ்சாலையிலிருந்து அங்கே போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். என்செனாடாவிலிருந்து கிழக்கே ஓஹோஸ் நெக்ரோஸ் வழியாகச் செல்லும் மூன்றாம் எண் நெடுஞ்சாலையைப் பல ஆண்டுகளில் பந்தயப் பாதை ஒட்டியும் வெட்டியும் போகும் என்பதால், புதியவர்கள் அங்கே தொடங்குவது நல்லது.

இடம் கிடைத்ததும் எல்லோரும் பாதையைப் பார்க்கிறார்கள். காற்றைப் பார்ப்பவர் குறைவு. ஆனால் எவ்வளவு பார்ப்பீர்கள் என்பதில் பாதியை முடிவு செய்வது காற்றுதான். டிரக்குகள் அடிக்கடி ஓடி அரைத்த இடங்களில் மண் மாவைப் போலப் பொடிந்து கிடக்கும்; கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். அதன்மேல் ஒரு வண்டி பாய்ந்தால் எழும் தூசி காற்று போகும் பக்கம் அப்படியே சாயும். அந்தப் பக்கம் நின்றால் முதல் வண்டியைப் பார்ப்பீர்கள். பின்னால் வரும் மூன்றைக் காதால் மட்டும் கேட்பீர்கள். அது வெறும் எரிச்சல் இல்லை: உங்களுக்கு ஓட்டுநர் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். அதிலும் ஒரு வம்பு உண்டு. கடலிலிருந்து வீசும் வழக்கமான காற்று இந்தப் பருவத்தில் சில நாள் திரும்பி, சாண்டா ஆனா என்ற வறண்ட காற்றாகக் கிழக்கிலிருந்து வீசும். முந்தைய நாள் மாலை பார்த்து வைத்த இடம் காலையில் பயன்படாமல் போகும். பாதையின் இரு பக்கமும் பக்கத்துக்கோர் இடம் பார்த்து வையுங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

இனி, யாரும் கேட்க விரும்பாத விஷயம்: கிட்டே போவது. டிராஃபி டிரக் எனப்படும் முன்னணிப் பிரிவு டிரக்கின் பின்சக்கரம் ஏறக்குறைய மூன்றடி மேலும் கீழும் ஆடும். ஆள் முழங்கால் உயரப் பள்ளத்தை அது கம்பளம் விரித்த தரைபோல் தாண்டுவதைப் பார்க்கும்போது, அதற்கு எதுவும் ஆகாது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆனால் மேட்டிலிருந்து எழும்பிய வண்டிக்குக் காற்றில் இருக்கும்போது ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. கோணலாக இறங்கினால் அது போகிற பக்கம் கூட்டம் நிற்கிற பக்கமாகவும் இருக்கலாம். 2010 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் நடந்த ஓர் இரவுப் பந்தயத்தில், மேட்டைத் தாண்டிய டிரக் ஒன்று பாதையோரம் நெருங்கி நின்ற கூட்டத்தின்மேல் உருண்டு எட்டுப் பேர் இறந்தார்கள். நின்றவர்கள் எல்லோரும் நல்ல இடம் பிடித்ததாகத்தான் நினைத்திருப்பார்கள். வளைவின் வெளிப்புறம், மேட்டுக்கு அப்பால் வண்டி இறங்கும் நேர்கோடு, இந்த இரண்டும் வேண்டவே வேண்டாம். வளைவின் உட்புறத்தில், பாதையிலிருந்து நன்றாக விலகி, உயரமான பாறை ஒன்று கிடைத்தால் அதைவிட என்ன வேண்டும்? கேமராவுக்கும் அதுவே நல்லது. தூரத்தில் தூசித் தூண் எழுவதிலிருந்தே வண்டியைத் தொடரலாம்.

பாஹாவுக்கே உரிய ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. வேடிக்கைக்காகச் சிலர் இரவோடு இரவாகப் பாதையில் குழி தோண்டுவார்கள், மண்ணைக் குவித்து மேடு கட்டுவார்கள். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் திடீரென்று கூட்டம் தெரிந்தால் வேகத்தைக் குறை என்பது அங்கே ஓட்டுபவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பாடம். மண்வெட்டியோடு ஆட்கள் திரிகிற இடத்தைக் கண்டால் வேறு இடம் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அந்தக் குழி உயிர் விஷயம்.

நேரக் கணக்கிலும் சறுக்குவார்கள். மோட்டார் சைக்கிள்கள் பல மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிடும்; டிரக்குகள் ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு அனுப்பப்படும். அதனால் உங்களை முதலில் கடப்பவர்தான் முதலிடத்தில் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. முன்னணி டிரக்குகளுக்கு மணிக்கு ஐம்பது மைல் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், நூற்றைம்பதாம் பந்தய மைலுக்கு மூன்று மணி நேரத்தில் வந்துவிடும். கணக்கைக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். பாலைவனத்தில் பல இடங்களில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. ஹெலிகாப்டர் தாழப் பறந்து வந்தால் அதன் கீழே முன்னணி வண்டி ஒன்று வருகிறது என்று எடுத்துக்கொண்டு பாதையைவிட்டு விலகுங்கள். 2019இல் மழையால் பந்தயமே ஒரு நாள் தள்ளிப்போனது. ஊர் திரும்பும் டிக்கெட்டை இறுக்கமாக எடுக்காதீர்கள்.

திரும்பும் வழியை யோசிக்காமல் காரை நிறுத்துவது இன்னொன்று. எதிரே காலியாகத் தெரியும் பந்தயப் பாதையில் காரை விட்டு நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம் என்று ஆசை வரும். விடாதீர்கள். அடுத்த வளைவில் என்ன வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. அமெரிக்கக் கார் காப்பீடு மெக்சிகோவில் செல்லாது என்பதால் எல்லை தாண்டுவதற்கு முன்பே தனிக் காப்பீடு எடுங்கள். தெற்கே எல் ரொசாரியோவைத் தாண்டுவதாக இருந்தால் அங்கேயே டேங்கை நிரப்புங்கள். இரவில் சாலையில் மாடுகள் நிற்கும்.

பெரிய டிரக்குகள் போனதும் கூட்டம் நாற்காலிகளை மடித்துக்கொண்டு, இருபுறமும் பார்க்காமல் பாதையைக் கடந்து கிளம்பும். எனக்கு இதுதான் மிகப் பெரிய தவறாகப் படுகிறது, ஆபத்தைத் தவிர்த்துப் பார்த்தாலும். ஏனென்றால் பதினோராம் பிரிவு வண்டிகள் இன்னும் வரவில்லை. அவை பழைய வோக்ஸ்வாகன் பீட்டில்கள். பெரிதாக எதுவும் மாற்றப்படாதவை. டிரக்குகள் உழுதுவிட்டுப் போன அதே பள்ளங்களில், இருட்டிய பிறகு, ஒன்று முக்கி முனகி ஏறும். சக்கரம் சுழலும், பின்னால் நகரும், மறுபடி ஏறும். தங்கியிருக்கிற பத்துப் பேரும் கம்பளியைப் போர்த்தியபடி பாறைமேல் நின்று அதற்காகக் கத்துவார்கள்.