ஆபீஸ் போன்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாண்டி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகத்தில், வெளியிலிருந்து வரும் போனை வாங்கி உள்ளே இருப்பவர்களுக்குக் கொடுக்கும் போர்டைப் பார்க்கிறேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண், வந்த போன் அழைப்பை ஸ்டோருக்குத் தள்ளிவிட்டுச் சட்டென்று ரிசீவரை வைத்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடலூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். எப்படி ஹலோ சொல்வது, ரிசீவரைச் சரியாக வைப்பது எல்லாம் இரண்டு நாளில் தானாக வந்துவிடும். கீழே சொல்பவை அப்படி வருவதில்லை.

ஆள் எடுக்கும் முன்பே லைனைக் கொடுத்துவிடுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இது. லைனைக் கைமாற்ற ஃபிளாஷ் பட்டனை அழுத்தி, அந்த ஆளின் உள் எண்ணான எக்ஸ்டென்ஷனைப் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் ஆள் எடுக்க வேண்டும். "அண்ணே, சேலத்துப் பார்ட்டி லைன்ல இருக்கார், லோடு விஷயமாம், கொடுக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் நாம் வைக்கலாம். யாரும் எடுக்கவில்லையா? மறுபடி ஃபிளாஷ் அழுத்தினால் வெளியாள் நம்மிடமே வந்துவிடுவார். பெயர், நம்பர், விஷயம் மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

கடலூரில் ஒரு மதியம் வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார். சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவின் எக்ஸ்டென்ஷன் 24. போட்டேன், வைத்தேன். அங்கே எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மறுபடி கூப்பிட்டு, "யாரும் எடுக்கலைம்மா" என்றார். "இருங்க சார், தரேன்" என்று திரும்பவும் அதே 24. மூன்றாவது முறையும் அப்படியே. நான்காவது முறை அவர் கூப்பிடவில்லை. மறுநாள் போக வேண்டிய சரக்கின் அளவை மாற்றச் சொல்லத்தான் அத்தனை முறை முயன்றிருக்கிறார். என்ன விஷயம் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பழைய அளவிலேயே சரக்கு லாரி ஏறிப் போய், இறக்காமல் அப்படியே திரும்பி வந்தது. போக வர வாடகை கம்பெனி தலையில். மேனேஜர் திட்டவில்லை. லாரி வாடகை பில்லை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதன் ஓரத்தில் இருந்த கிரீஸ் விரல் தடம்கூட இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தப் பெண்ணிடம், எந்த எக்ஸ்டென்ஷன்காரர் எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார் என்று ஒரு தாளில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

ஃபிளாஷுக்குப் பதில் கட்டையைத் தட்டுவது

ரிசீவர் உட்காரும் இடத்தில் அமுங்கும் கட்டையைச் சிலர் விரலால் தட்டுகிறார்கள். ஃபிளாஷ் பட்டன் செய்வது, லைனை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் அளந்து துண்டித்துச் சேர்ப்பது. சில செட்டுகளில் 100, 300, 600 மில்லி செகண்டு என்று அந்த நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். விரலுக்கு அந்தக் கணக்கு வராது. கொஞ்சம் நீண்டால் கால் கட். ரொம்பச் சுருங்கினால் பழைய போர்டு அதை 1 என்று எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் சுழற்றும் டயல் முறையில் ஒரு துண்டிப்பு என்றால் எண் 1. பட்டனை ஒழுங்காக அழுத்தியும் கால் கட்டாகிறது என்றால், செட்டில் வைத்திருக்கும் நேரம் போர்டுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

மியூட்டை ஹோல்டு என்று நினைப்பது

மியூட்டில் நம் குரல் மட்டும்தான் அடைபடும். அவர் பேசுவது நமக்குக் கேட்கும், அவருக்கு வெறும் நிசப்தம். லைன் போய்விட்டது என்று வைத்துவிடுவார். ஃபைல் தேட எழுந்து போகிறீர்கள் என்றால் சொல்லிவிட்டு ஹோல்டில் போடுங்கள். இசை கேட்டால் காத்திருப்பார்.

ஒரு 0 போதும் என்று இருப்பது

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலைக் கூப்பிட முன்னால் 0 வேண்டும். எங்கள் போர்டில் வெளி லைன் எடுக்கவும் 0 தான். ஆக இரண்டு 0. கடலூர் பக்கத்து ஊர்தானே என்று எஸ்.டி.டி. கோடை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நமக்கு 0413, அவர்களுக்கு 04142. வெளி லைனுக்கான 0 போட்டு, அப்புறம் அந்தக் கோடு முழுதாக.

ரீடயல்

கடைசியாகப் போட்ட எண்ணையே மறுபடி கூப்பிடும் பட்டன் இது. பக்கத்து சீட்டுக்காரர் கடைசியாக யாரைக் கூப்பிட்டார் என்று தெரியாமல் தொடாதீர்கள்.

ஸ்பீக்கர்

லைனில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

கால் ஃபார்வர்டு

லீவில் போகும்போது உங்கள் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிட்டிருந்தால், லீவு முடிந்து வந்த அன்றே எடுத்துவிடுங்கள்.