டென்னிஸ் எல்போ: வலி போனால் போதும் என்று நினைப்பதுதான் சிக்கல்

துணி பிழியும்போதோ மாவு வாளியைத் தூக்கும்போதோ முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் சுரீரென்று இழுக்கிறதா? பெரும்பாலும் அது டென்னிஸ் எல்போவாக இருக்கும். டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காத பெயிண்டர், கொத்தனார், பரோட்டா மாஸ்டர், நாள் முழுக்க மவுஸ் பிடிப்பவர் என்று யாருக்கும் வரும், அதுவும் முப்பத்தைந்து தாண்டியவர்களுக்குத்தான் அதிகம்.

மணிக்கட்டை மேலே தூக்கும் தசை, தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) வழியாக அந்த மேட்டில்தான் ஒட்டியிருக்கிறது. தாங்கும் அளவுக்கு மேல் தினமும் இழுபட்டால் அதன் இழைகள் நைந்துபோகும், ஆற நேரமும் கிடைக்காது. இந்த நிலையில் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதே வேலையை அதே வேகத்தில் செய்வது எவ்வளவு தப்பு என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் கையை அசைக்காமலே வைத்திருப்பதும் தப்புதான். நைந்த தசைநாண் ஓய்வில் மட்டும் பலமாகாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை கொடுத்தால்தான் பலமாகும். முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை தரையைப் பார்க்க, மணிக்கட்டை மட்டும் விளிம்புக்கு வெளியே விடுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மற்ற கையின் உதவியோடு மணிக்கட்டை மேலே தூக்கி, உதவியை எடுத்துவிட்டு 3, 4 நொடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். 10 முதல் 15 தடவை, மூன்று சுற்று. லேசான வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள்.

எனக்கு மனசு கேட்காத விஷயம் ஸ்டீராய்டு ஊசி. போட்ட சில வாரங்களுக்கு அற்புதமாக இருக்கும், அதனாலேயே இன்னொன்று போடச் சொல்லிக் கேட்கிறார்கள். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களில் பலருக்கு வலி திரும்ப வந்திருக்கிறது, போடாதவர்களே கூடுதலாகக் குணமாகியிருக்கிறார்கள் என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். சச்சின் டெண்டுல்கரே 2005-இல் ஆபரேஷன் செய்துகொண்டாரே என்று பயப்படவும் வேண்டாம். ஒரு வருடத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும்.

அப்புறம், சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு அந்த எலும்பு மேட்டை அழுத்தி நீவுவது வேண்டவே வேண்டாம். வலியைக் குறைக்க முழங்கைப் பட்டை (ஸ்ட்ராப்) கட்டுபவர்கள் வலிக்கும் இடத்தின் மேலேயே கட்டுகிறார்கள், அது இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே, முன்கைச் சதையில் இருக்க வேண்டும்.

விரல்கள் மரத்துப்போனாலோ கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ கோளாறு கழுத்து நரம்பில் இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். கீழே விழுந்த பிறகு வந்த வலி, வீக்கம், காய்ச்சல் என்றாலும் அப்படியே.

வலி குறைந்ததும் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள், பழைய வேலைக்குப் போன இரண்டாவது வாரமே திரும்ப வருகிறது. குறைந்தது மூன்று மாதம் தொடருங்கள். அதுவரை வாளியோ பையோ எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துத் தூக்குங்கள்.