கல்லூரி அணிப் பட்டியலில் பெயர் இல்லாதபோது

கல்லூரி வாலிபால் அணிக்கான 12 பேர் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு, அதில் உங்கள் பெயர் இல்லையென்றால், அன்று மாலையே மைதானத்துக்குப் போய்த் தைரியம் காட்ட வேண்டியதில்லை. விடுதி அறையில் அழுதாலும் தவறில்லை. பள்ளி நாளிலிருந்து விடியற்காலையில் எழுந்து பழகிய உடம்புக்கு அந்த இழப்பு உண்மையானது. வீட்டுக்கு மட்டும் அன்றே சொல்லிவிடுங்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து, கோபம் தணிந்தபின், உடற்கல்வி இயக்குநரைத் தனியாகச் சந்தியுங்கள். "என்னை ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டால் பெரும்பாலும் சமாதானம்தான் கிடைக்கும்; "அடுத்த அணித் தேர்வுக்குள் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். உயரம் போதாமல், எகிறிப் பந்தை அடிக்கும் ஸ்பைக்கர் இடத்தை இழந்த ஒருவர், எதிரணியின் சர்வீஸை வாங்கிக் கொடுப்பதில் தேர்ந்தவராக இருந்தால், லிபரோவாக, அதாவது பின்வரிசையில் மட்டும் ஆடும் தற்காப்பு ஆட்டக்காரராக, முயலலாம். 1998இல் சர்வதேச ஆட்டத்தில் அறிமுகமான அந்த இடத்தில் ஆடுபவர் வலைக்கு மேலிருக்கும் பந்தை அடிக்கவோ தடுக்கவோ கூடாது என்பதால், அங்கே உயரத்தைவிடக் கால்களின் வேகமே முக்கியம்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள், கட்டணச் சலுகை தொடருமா என்பதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

பயிற்சியை அடியோடு விட்டுவிடாமல், ஊர் கிளப் அணியோடு வாரம் இரண்டு நாளாவது ஆடுங்கள். தேர்வான நண்பரிடம் நீங்களே முதலில் பேசுங்கள். உங்களை எப்படி எதிர்கொள்வதென்று தெரியாமல்தான் அவர் மெஸ்ஸில் வேறு மேசையில் தட்டை வைத்திருப்பார்.