பந்தயத்துக்குக் குதிரையை ஏற்றிப் போகிறவர்களுக்கு

குதிரை வண்டி இழுத்து ஓடும் ஹார்னஸ் ரேஸிங் லாயத்தில் வேலைக்குச் சேர்கிற எல்லோருடைய கண்ணும் முதலில் சல்கி மேல்தான் போகும். அந்த இரண்டு சக்கர வண்டியில் ஏறி உட்காருவது டிரைவர். லத்தி அள்ளுவது, குளம்பு சுரண்டுவது, வார்களைத் துடைத்து எண்ணெய் போடுவது, விடியும் முன்னே எழுந்திருப்பது எல்லாம் நம் பாடு. பந்தயம் முடிய இரண்டு நிமிஷம். அதற்காக ஒரு நாள் முழுக்கப் போகும்.

காலையில் கொட்டடிக்குள் நுழைந்ததும் தீவனத் தொட்டியைப் பாருங்கள். ராத்திரி வைத்தது மிச்சம் கிடந்தால் குதிரைக்கு ஏதோ சரியில்லை. உடனே வெப்பமானி வையுங்கள், 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் கவலை இல்லை. அப்புறம் நான்கு கால்களையும் மேலிருந்து கீழாக உள்ளங்கையால் தடவுங்கள். ஒரு காலை மட்டும் தொட்டுப் பார்த்துச் சூடு என்று சொல்லிவிட முடியாது, பக்கத்துக் காலோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும். தினமும் தடவிப் பழகிய கைக்கு லேசான வீக்கம்கூடத் தப்பாது.

மூலைவிட்டமாகக் கால் மாற்றி ஓடுகிற குதிரை ட்ராட்டர். ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்து வீசுவது பேசர். பேசர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கால்களில் ஹாப்பிள்ஸ் (ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் இணைக்கும் வார்) மாட்ட வேண்டும். அது தளர்ந்தால் குதிரை நடை தவறிப் பாய்ச்சலில் இறங்கிவிடும். இறுகினால் தோல் உரியும். அதனால் எந்தக் குதிரைக்கு எந்த வார் எத்தனையாவது துளை என்று பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். ஞாபகத்தை நம்புகிறவர்களோடு வேலை செய்ய எனக்குப் பொறுமை கிடையாது.

பயணத்துக்கான சாமான்களை முந்தின நாளே கட்டிவிடுங்கள். குதிரையின் அடையாள ஆவணம், கால்நடை மருத்துவரின் சான்று, உங்கள் உரிமம் மூன்றும் வண்டிக்குள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தண்ணீர்தான் பெரிய தலைவலி. நாளொன்றுக்கு 25 லிட்டருக்கு மேல் குடிக்கிற குதிரை, புது இடத்தில் வாளியை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முடிந்தால் லாயத்துத் தண்ணீரையே கேன்களில் கொண்டு போங்கள். தூரம் அதிகமென்றால், கிளம்புவதற்குச் சில நாள் முன்பிருந்தே தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் சாறு கலந்து பழக்குங்கள். போன இடத்திலும் அதே சாறு, அதே வாளி. வாடையும் ருசியும் மாறாததால் குடித்துவிடும். வாளியை மாற்றினால்கூடச் சண்டித்தனம் செய்யும் பெண் குதிரை ஒன்று எங்களிடம் உண்டு.

டிரெய்லரில் உலர்புல் வலையை, குதிரையின் கால் சிக்காத உயரத்தில் கட்டுங்கள். தலைக்கயிற்றுக்கு ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போடுங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தித் தலையைக் கீழே தொங்கவிட்டு நிற்கச் செய்யுங்கள். தலையை நெடுநேரம் உயர்த்தியே வைத்திருந்தால் தூசியும் சளியும் வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் தங்கிவிடும். பயணத்துக்கு மறுநாள் வருகிற காய்ச்சல் பல நேரம் இதனால்தான்.

போய்ச் சேர்ந்ததும் லத்தி போடுகிறதா என்று பாருங்கள். போட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பந்தயக் கொட்டடியில் காபி, சாக்லேட், உங்களுடைய மாத்திரை எதையும் குதிரைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சாக்லேட்டில் இருப்பதும் காபியில் இருப்பதும் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டும். இன்னொன்று, சொல்லச் சங்கடமானது: அவசரத்துக்குக் கொட்டடி மூலையில் ஒதுங்காதீர்கள். நீங்கள் சாப்பிட்ட மருந்து அந்த ஈரப் புல் வழியாகக் குதிரைக்குள் போய்விடும். அபராதம் பயிற்சியாளர் தலையில், பழி உங்கள் தலையில்.

ஜெயித்தால் சோதனைக் கொட்டடிக்கு அழைப்பு வரும். சிறுநீர் மாதிரிக்காக அங்கே காத்திருக்க வேண்டியிருக்கும். புதுப் புல்லைக் காலால் கிளறிவிட்டு மெதுவாகச் சீட்டி அடியுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும்; ஆனால் லாயத்திலும் குதிரை சிறுநீர் கழிக்கும் நேரத்தில் சீட்டி அடித்துப் பழக்கியிருந்தால் பலிக்கும்.

ஓடி வந்த சூட்டில் தண்ணீர் காட்டக் கூடாது என்று பழைய ஆட்கள் மிரட்டுவார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்பதே இன்றைய கால்நடை மருத்துவர்களின் பேச்சு. நான் நடத்திக்கொண்டே குடிக்க விடுகிறேன். குளிர்காலமென்றால் போர்வை போட்டு, மூச்சு அடங்கி மார்பு வியர்வை காயும்வரை நடை. வெயில் காலமென்றால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான்.

திரும்பும்போது நீங்களும் களைத்துப்போயிருப்பீர்கள். இரண்டு பேர் மாறி மாறி ஓட்ட முடியாத தூரமென்றால் அங்கேயே தங்கிவிடக் கேளுங்கள். கேட்கத் தயங்கி ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிற டிரெய்லரில் குதிரையும் இருக்கிறது. மறுநாள் காலை மறுபடி வெப்பமானி, மறுபடி நான்கு கால்கள். பார்த்ததைப் பயிற்சியாளர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.